உப்புக்கு ஒரு பள்ளிக்கூடம்

“இரும்பைக்குப் போகப் போகிறோம்” என்று நான் சொன்னதும், “எதற்கு? பழைய இரும்பு வாங்கவா?” என்று கேட்டார் இவர். ஐம்பது வருஷமாக இந்த மாதிரி ஹாஸ்யங்களைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஆனால் மெல்போர்னிலிருந்து வந்திருந்த பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். தமிழில் ஒரு சிலேடை புரிந்துவிட்டதே என்ற சந்தோஷம் அவனுக்கு!

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையோடு போய், மகாபலிபுரமும் மரக்காணமும் தாண்டி, புதுச்சேரியை நெருங்கும் சமயத்தில் மேற்கே திரும்பினால் செம்மண்ணும் முந்திரித் தோப்புமாக ஒரு பிரதேசம் வரும். அங்கே ஓர் ஏரியும் பழைய சிவன் கோயிலும் உள்ள சிற்றூர்தான் இரும்பை. திருஞானசம்பந்தர் பாடிய ஸ்தலம். மாகாளம் என்று பெயர் பெற்ற சிவ ஸ்தலங்கள் மூன்றைச் சொல்வார்கள். வடக்கே உஜ்ஜயினி, சோழ நாட்டில் அம்பர், தொண்டை நாட்டில் இந்த இரும்பை.

ஸ்வாமி தரிசனம் ஒரு காரணம். இன்னொரு காரணம், என் பெண்ணின் கல்லூரித் தோழி. இரும்பைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஆரோவில்லை ஒட்டிய ஒரு சின்னப் பள்ளியில் அவள் பாடம் சொல்லித் தருகிறாள். பொங்கல் கழிந்ததும் குழந்தைகளை மூன்று நாள் வெளியே அழைத்துப் போய்க் கூடாரம் அடித்துத் தங்கப் போவதாகவும், பேரனையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். “மாமி, நீங்களும் வந்து பாருங்களேன், டீச்சர் ஆயிற்றே!” என்றாள்.

டீச்சர்தான். 1978 முதல் 2010 வரை, சென்னையில் ஒரு பள்ளியில் முப்பத்திரண்டு வருஷம் சரித்திரமும் பூகோளமும் போதித்தவள். நான் வராந்தாவில் நடந்து வந்தால் என் செருப்புச் சத்தம் கேட்டே வகுப்பு அடங்கிவிடும். அதை அப்போது பெரிய கௌரவமாக நினைத்திருந்தேன்.

பள்ளிக் கூடார வாசம் எனக்குப் புதிதல்ல. போன வருஷம் மெல்போர்னில் பெண் வீட்டில் ஆறு மாதம் இருந்தபோதே பார்த்துவிட்டேன். அந்த ஊரில் ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளையும் இரண்டு மூன்று நாள் வெளியூருக்கு அழைத்துப் போய்விடுகிறார்கள். பேரன் வகுப்பு போனது பாலராட் என்ற ஊருக்கு. 1851-இல் அங்கே தங்கம் கிடைத்து, உலகத்தின் நாலா திசையிலிருந்தும் ஜனங்கள் மண்வெட்டியும் கையுமாக ஓடி வந்தார்களாம். அந்தக் காலத்துத் தெருவையும் கடைகளையும் அப்படியே கட்டி ‘ஸாவரின் ஹில்’ என்று பெயர் வைத்து, 1970 முதல் பொருட்காட்சியாக நடத்துகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் நூற்றெழுபது வருஷத்துக்கு முந்திய உடைகளை மாட்டிக்கொண்டு, அந்தக் காலத்து வகுப்பறையில் இரண்டு நாள் உட்கார்ந்து படிக்கலாம்.

பெண்ணும் நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தோம். ஜன்னலுக்கு அப்பால் நீண்ட மரப் பெஞ்சுகள், சிலேட்டு, மசிக்கூடு, தொட்டு எழுதும் பேனா. கறுப்பு உடை தரித்த உபாத்தியாயினி சிரிக்காத முகத்தோடு நின்றாள். பிள்ளைகள் முதுகை நிமிர்த்தி, கையைக் கட்டி, மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே வந்ததும் பேரன் ஓடி வந்து, “பாட்டி, உன் ஸ்கூலும் இப்படித்தானா? ரொம்ப வேடிக்கை!” என்றான். அவர்களுக்கு அது இரண்டு நாள் நாடகம். தினமும் அவனுடைய வகுப்பில் கம்பளத்தில் வட்டமாக உட்கார்ந்துதான் பாடம். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் என்னவோ சுருக்கென்றது.

இரும்பைக்கு வருவோம்.

ஏரிக்கரையை ஒட்டிய முந்திரித் தோப்பில் ஏழெட்டுக் கூடாரங்கள். பிள்ளைகள் இருபத்தாறு பேர். எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வரை. பாதிக்கு மேல் சுற்றுக் கிராமத்துக் குழந்தைகள். மீதிப் பேர் ஆரோவில்லில் குடியிருக்கும் பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். “பள்ளியின் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள் மாமி, அப்புறம் வேடிக்கை பார்க்கக் கூட்டம் வந்துவிடும்” என்று தோழி கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

ஆரோவில்லைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் இருக்க மாட்டீர்கள். புதுச்சேரி ஆசிரமத்து அன்னை ஆரம்பித்த ஊர். 1968-ஆம் வருஷம் பிப்ரவரி 28-ஆம் தேதி 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து தாமரை மொட்டு வடிவத்துப் பளிங்குக் கலசத்தில் போட்டுத் தொடங்கி வைத்தார்கள். அப்போது இந்த இடம் மரமில்லாத பொட்டல். மழை பெய்தால் செம்மண் கரைந்து கடலுக்கு ஓடுமாம். இன்று காடு. சுமார் அறுபது தேசத்து ஜனங்கள் அதற்குள் குடியிருக்கிறார்கள். ஊர் என்றால் சச்சரவு இல்லாமலா? அங்கும் உண்டு. அது வேறு கதை, நமக்கு வேண்டாம்.

எனக்கு முதல் அதிர்ச்சி, பிள்ளைகள் உபாத்தியாயினியை “அக்கா” என்று கூப்பிட்டது. ‘டீச்சர்’ என்ற வார்த்தையே காதில் விழவில்லை. மணி கிடையாது, சீருடை கிடையாது. பேரனுக்கே அது விசித்திரமாக இருந்தது. “பாட்டி, பெல் இல்லாமல் எப்படி லஞ்ச் என்று தெரியும்?” என்றான். “பசித்தால் தெரியும்” என்று பக்கத்திலிருந்த ஒரு பையன் பதில் சொன்னான்.

இரண்டாவது, யார் மாணவர், யார் ஆசிரியர் என்றே எனக்குப் பிடிபடவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி நாலைந்து பொடிசுகளை உட்கார்த்தி வைத்துத் தராசில் நிறுக்கச் சொல்லித் தந்துகொண்டிருந்தாள். அவர்கள் தப்பாகப் படித்தால் திரும்பப் படிக்கச் சொன்னாள். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளைதான், கையில் பிரம்பு இல்லை, அவ்வளவே வித்தியாசம்.

சட்டாம்பிள்ளை என்றதும் ஒரு சமாசாரம் சொல்ல வேண்டும். 1789-இல் எழும்பூரில் ஓர் அநாதைப் பிள்ளைகள் பள்ளி ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒரு நாள் அவர் கடற்கரைப் பக்கம் குதிரையில் போகும்போது, நம் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தாராம். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் வழக்கத்தையும் தம் பள்ளிக்கு எடுத்துக்கொண்டார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களில் பரவியது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில் அவர் விட்டுப்போன பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் ‘மதராஸ் காலேஜ்’ என்றுதான் பெயர். நம்முடைய மணல் பாடம் அப்படிக் கப்பலேறிப் போயிற்று. நாமோ வெள்ளைக்காரனிடமிருந்து பெஞ்சையும் பிரம்பையும் வாங்கிக்கொண்டோம். (பிரம்பு நம்மிடமும் தாராளமாக இருந்தது என்று இவர் திருத்துகிறார். வாஸ்தவம்தான்.)

மாலையில் எல்லாரும் கோயிலுக்குப் போனோம். மூலவர் லிங்கம் பிளந்து, செப்புப் பட்டத்தால் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. அதன் கதையைப் பேரனுக்குச் சொன்னவள் யார் தெரியுமா? பாவாடை கட்டிய எட்டு வயதுப் பிரெஞ்சுக் குழந்தை. அதுவும் அசல் கிராமத்துத் தமிழில்!

கடுவெளிச் சித்தர் என்று ஒருவர் இங்கே தவம் செய்துகொண்டிருந்தாராம். அவருடைய தவத்தின் உஷ்ணத்தால்தான் மழை இல்லை என்று நினைத்த ராஜா, ஒரு தாசியை அனுப்பி அவர் தவத்தைக் கலைத்தான். மழையும் பெய்தது. பிறகு கோயில் விழாவில் அவள் ஆடும்போது சலங்கை கழன்று விழ, ஆட்டம் நின்றுவிடக் கூடாதே என்று சித்தரே எடுத்து அவள் காலில் கட்டினார். சபை கைகொட்டிச் சிரித்தது. அவர் மனம் நொந்து பாட, லிங்கம் வெடித்துச் சிதறியது. சில்லு விழுந்த இடத்தில் புல் பூண்டு முளைக்காது என்று சாபம். தூர தேசத்து ஜனங்கள் வந்தால்தான் இந்த மண் மறுபடி பச்சையாகும் என்றும் சொல்வார்கள். இதைச் சொல்லும்போது அந்தக் குழந்தை, “தூர தேசத்து ஜனங்கன்னா நாங்கதான்” என்று மார்பில் கை வைத்துக்கொண்டது!

பேரன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். “அப்புறம் அவள் டான்ஸை முடித்தாளா?”

குருக்கள் உள்பட யாருக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷமாக யாரும் கேட்கவில்லை போலும்.

இராத்திரிதான் விஷயம் ஆரம்பித்தது. அந்தக் கூடார வாசத்துக்கு எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று: உப்பு. கடலிலிருந்து ஐந்து லிட்டர் தண்ணீர் கொண்டுவந்திருந்தார்கள். பெரிய இரும்புச் சட்டியில் ஊற்றி, சவுக்கு விறகு வைத்து எரித்தார்கள். சுற்றி உட்கார்ந்து எவ்வளவு உப்பு வரும் என்று ஆளுக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். ஒருவன் ஒரு கிலோ என்றான். ஒரு பெண் ஒரு ஸ்பூன் என்றாள். லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கப் போனேன். தோழி கையை அமர்த்திவிட்டாள். முப்பத்திரண்டு வருஷம் பதிலைச் சொல்லியே பழகிய வாய்! இரண்டு மணி நேரம் அதைப் பூட்டி வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஆசிரியைகளாக இருக்கும் நேயர்களுக்குத் தெரியும்.

கடைசியில் பழுப்பாக, ஈரம் விடாமல் ஒரு களிம்பு தங்கியது. நிறுத்தார்கள், 160 கிராமுக்குச் சற்று மேல். எல்லாரும் நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். உடனே எல்லா முகமும் கோணியது.

“அக்கா, கசக்குது! கடை உப்பு ஏன் கசக்கலே?”

“எனக்கு முழுசாத் தெரியாது. நாளைக்கு மரக்காணத்தில் கேட்போம்” என்றாள் அவள், கொஞ்சமும் வெட்கப்படாமல்.

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. கூடாரத்துக் கொசு ஒரு காரணம். மற்றொரு காரணத்தை எழுதத்தான் இந்தக் கட்டுரையே.

1986-ஆம் வருஷம். ஆறாம் வகுப்பு. உப்பு சத்தியாக்கிரகம் நடத்திக்கொண்டிருந்தேன். ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜி திருச்சியிலிருந்து சுமார் நூறு தொண்டர்களோடு புறப்பட்டது, 150 மைல் நடந்து வேதாரண்யம் சேர்ந்தது, 30-ஆம் தேதி சட்டத்தை மீறியது, எல்லாம் எனக்கு மனப்பாடம். ஐந்து மதிப்பெண் கேள்வி. கடைசிப் பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். அவள் அப்பா தெருத் தெருவாக வண்டி தள்ளி உப்பு விற்பவர்.

“டீச்சர், கடல் தண்ணியை அப்படியே காய்ச்சினா உப்பு கசக்கும்னு எங்கப்பா சொல்றாரு. ராஜாஜி உப்பும் கசந்திருக்குமா?”

வகுப்பு சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. உப்பளத்தை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. ஆனால் ‘தெரியவில்லை’ என்று சொல்வதா? “அதிகப்பிரசங்கி! வெளியே போய் நில்லு” என்றேன். மணி அடிக்கும் வரை நின்றாள். அந்த வருஷம் முழுவதும் அவள் கை மறுபடி உயரவில்லை. பெரிய லீவு முடிந்து பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை. குடும்பம் வேறு எங்கோ போய்விட்டது என்றார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாமலே இருக்கலாம். ஆனாலும் ‘சபை கைகொட்டிச் சிரித்தது’ என்று அந்தப் பிரெஞ்சுக் குழந்தை கதை சொன்னபோது, எனக்குச் சித்தர் ஞாபகம் வரவில்லை. அந்தக் கடைசிப் பெஞ்சுதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் விடியற்காலை பஸ். மரக்காணம் போய் இறங்கியபோது பனி விலகவில்லை. ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ள பூமீசுவரர் கோயில் இங்கே இருக்கிறது. பக்கத்தில் கழுவேலி என்ற பெரிய சதுப்பு ஏரி. 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். பூநாரை தென்படுமா என்று இவர் தூரக்கண்ணாடியும் கையுமாக அந்தப் பக்கம் ஒதுங்கிவிட்டார். நாங்கள் உப்பளத்துக்குள் இறங்கினோம்.

கண்ணுக்கு எட்டிய மட்டும் வரப்பு வரப்பாகப் பாத்திகள், நெல் வயல் மாதிரியே. ஆனால் பச்சை ஒரு துளி இல்லை. வானம் முழுவதும் தரையில் கிடந்தது. மழைக்காலம் முடிந்து, பாத்திகளில் சேறு வாரி மிதித்துக் கெட்டிப்படுத்தும் சமயம். ஆணும் பெண்ணும் வரிசையாகக் கைகோத்து மிதித்துக்கொண்டிருந்தார்கள். போன பருவத்து உப்பு கரைமேல் குவியல் குவியலாக, கீற்றுப் போர்த்திக் கிடந்தது.

அங்கே ஓர் அம்மாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சேலைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் முண்டாசு. தோழி ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறாள். வரப்பின்மேல் அவளை உட்கார வைத்து, பிள்ளைகள் கீழே உட்கார்ந்துவிட்டார்கள். அன்றைக்கு அவள்தான் உபாத்தியாயினி. முதலில் வெட்கப்பட்டாள். பேச ஆரம்பித்தபின் நிறுத்தவில்லை.

உப்பங்கழித் தண்ணீரை முதலில் பெரிய பாத்தியில் கட்டுவார்களாம். வெயிலில் சுண்டச் சுண்ட, சின்னச் சின்னப் பாத்திக்கு மாற்றிக்கொண்டே போக வேண்டும். அளந்து பார்க்கக் கண்ணாடிக் குழாய் ஒன்று உண்டு, தண்ணீரில் மிதக்கும். ‘டிகிரி’ என்கிறார்கள். 25-ஐ ஒட்டி வந்தால் உப்புப் பூக்கும்.

பேரன்தான் கேட்டான், தன் அரைகுறைத் தமிழில். “ஆயா, நாங்கள் செய்த உப்பு கசப்பு. ஏன்?”

“கடைசித் தண்ணி வரிக்கும் வத்த உட்டுட்டீங்களா?”

“ஆமாம்.”

“அதான் கண்ணு! கடல்ல நல்ல உப்பும் இருக்கு, கசப்பு உப்பும் இருக்கு. நல்லது முந்திப் பூக்கும். கசப்பு கடேசீல தங்கும். முப்பதுக்குக் கிட்ட போவச்சொல்ல அந்தத் தண்ணிய வடிச்சு வெளீல உட்டுடணும். உடாம ஆசப்பட்டா அல்லாம் கசந்துபூடும்.”

மக்னீஷியம் உப்புகள்தான் அந்தக் கசப்பு என்று தோழி பிற்பாடு சொன்னாள். அந்த அம்மாள் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கும் அது தேவைப்படவில்லை.

எனக்கு என்ன தோன்றிற்றோ, நானும் கையை உயர்த்தினேன். பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஏம்மா, வேதாரண்யத்திலே ராஜாஜி உப்பு எடுத்தாரே, அது கசந்திருக்குமா?”

அவள் யோசித்தாள். “அள்னாரா, காய்ச்சினாரா?”

அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் குனிந்து அள்ளினார். அந்த ஒரு விவரம் என்னிடம் இருந்தது. சொன்னேன்.

“தானாப் பூத்தத அள்னா கசக்காதும்மா. மேலாப்புல இருக்கறது நல்ல உப்பு. காய்ச்சியிருந்தா, வடிக்காம காய்ச்சியிருந்தா, கசந்திருக்கும்.”

இவ்வளவுதான் பதில். அந்தப் பெண்ணையும் என்னையும் உட்கார வைத்து நாலு வார்த்தை பேசியிருந்தால் 1986-லேயே தெரிந்திருக்கும். அவள் அப்பாவுக்குப் பாதி தெரியும். எனக்குப் பாதி தெரியும்.

இடைவேளையில் அந்த அம்மாள் என் பக்கம் வந்து உட்கார்ந்து, கால் வெடிப்புகளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டாள். மழை மாதங்களில் வேலை கிடையாது. அரசாங்கம் தரும் ரூ. 5,000 நிவாரணம் கைக்கு வந்ததும் கடைக்காரனுக்குப் போய்விடுகிறதாம். பேத்தி ஒன்பதாவது படிக்கிறாள். “இந்தப் புள்ளைங்க பரீட்சை எழுதுமாம்மா? சர்ட்டிபிகேட்டு குடுப்பாங்களா?” என்று மெல்லக் கேட்டாள்.

தோழியைக் கேட்டேன். புதுச்சேரி ஆசிரமப் பள்ளி 1943-இல் தொடங்கியது; அங்கே பட்டமோ சான்றிதழோ கொடுப்பதில்லை. ஆரோவில் பள்ளிகள் ஒவ்வொன்றும் ஒரு விதம். இவள் பள்ளிக் கிராமத்துப் பிள்ளைகள் எட்டாவது முடிந்ததும் வெளியே உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து பொதுத் தேர்வு எழுதுகிறார்கள். “முதல் வருஷம் திணறுகிறார்கள் மாமி. கேள்வி கேட்டால் சில இடத்தில் திட்டு விழுகிறது. ஒன்றிரண்டு பேர் படிப்பையே விட்டதும் உண்டு. நான் மறைக்கவில்லை” என்றாள்.

இதை அப்படியே அந்த அம்மாளிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, “எம் பேத்தி சர்ட்டிபிகேட்டு வாங்கிடட்டும்மா. பாத்தியில எறங்காம இருக்கறதுக்கு அது ஒண்ணுதான் வழி” என்றாள். அதற்கு நான் என்ன பதில் சொல்வது? இரண்டு தேசத்துப் பிள்ளைகளுக்கு உப்புப் பாடம் நடத்திய கை அது.

புறப்படும்போது ஆளுக்கு ஒரு பிடி கல் உப்பு கொடுத்தாள். பணம் வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். பதிலுக்குப் பேரனிடம், “ஒங்க ஊர்ல எப்பிடி உப்பு எடுக்கறாங்கன்னு பாத்து எனக்கு எழுதணும்” என்று வாக்கு வாங்கிக்கொண்டாள்.

அவன் மறக்கவில்லை. போன வாரம் கடிதம் வந்தது, படங்களோடு. நான் தமிழில் எழுதி அனுப்ப வேண்டுமாம். அப்பாவோடு டிரெல் ஏரி என்ற இடத்துக்குப் போயிருக்கிறான். விக்டோரியா மாகாணத்திலேயே பெரிய உப்பு ஏரி அது. யந்திரத்தால் வாருகிறார்களாம், மிதிக்க ஆள் இல்லையாம். கடிதத்தின் அடியில் அந்த அம்மாளுக்கு ஒரு கேள்வி போட்டிருக்கிறான்.

“ஆயா, அங்கேயிருந்து கடல் ரொம்ப ரொம்ப தூரம். அப்படியானால் உப்பு எப்படி வந்தது?”

கவரில் போட்டு, மரக்காணத்துக்குத் தபால் சேர்த்துவிட்டேன்.